ஆறு மூட்டை பிளாஸ்டர்

பல் செட் செய்கிற அந்த அம்மாளுக்குக் கடல்மேல் கோபம் கிடையாது. மழைமேலும் கிடையாது. மழை என்றால் பெய்யும், கடல் என்றால் ஏறும், அதுகளுக்கு வேறு என்ன வேலை? அவள் கோபமெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அரைக்கால் சட்டையோடு நடுவீட்டில் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தது.

"அஞ்சரைக்குக் கடல் உச்சம். அப்புறம் வடிய ஆரம்பிச்சிடும். பதினோரு மணிக்குத் தெருவுல சொட்டுத் தண்ணி இருக்காது, பாத்துக்கோ" என்றார் கணவர்.

துறைமுக அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கோப்பு புரட்டியவர். அவர் உட்கார்ந்திருந்த ஜன்னல் வழியாகக் கடல் தெரியும், அதைத் தவிர அவருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கடலே அவரிடம் அனுமதி வாங்கித்தான் ஏறி இறங்குகிறது என்கிற தோரணை.

புயல் கரைக்கு அப்பால் நின்றுகொண்டு வரவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று மூன்று நாளாக அடம்பிடித்தது. மழை விட்டபாடில்லை. தெருச் சாக்கடையெல்லாம் கடலில் போய் முடிகிறவை. கடல் ஏறினால் சாக்கடை வந்த வழியே திரும்பிவிடும். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே தெருவில் முழங்கால் தண்ணீர்.

வாசல் அறைதான் அவளுடைய பட்டறை. பல் டாக்டர்கள் மூன்று பேர் தங்களிடம் வருகிறவர்களின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் மேடும் பள்ளமுமாக அச்சு எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். அலமாரியில் அப்போது முப்பத்தேழு வாய்கள் இருந்தன. எல்லாம் திங்கட்கிழமை போயாக வேண்டியவை. ஆறு வாரத்து வேலை. ஒரு டாக்டர் ஏற்கெனவே, "இந்தத் தடவையும் தாமதமானா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்று பதமாகச் சொல்லிவிட்டார். ஒருவர் போனால் மற்ற இருவரும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மாடியில் நல்ல அறை ஒன்று சும்மாதான் கிடந்தது. சும்மா என்று சொன்னால் கணவருக்குக் கோபம் வரும். அதில் நாத்தனாருடைய சோபா இருந்தது. அவள் வெளிநாடு போகும்போது, "ரெண்டு மாசத்துல எடுத்துக்கறேன் தம்பி" என்று விட்டுப்போன சோபா. நான்கு வருஷம் ஆயிற்று. பிளாஸ்டிக் உறை போட்டு, கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் மனிதர். பட்டறையை மேலே கொண்டுபோகலாம் என்று அவள் நான்கு வருஷமாகச் சொல்கிறாள். காது கொடுத்தால்தானே?

"சாவியைக் குடுங்க. அச்சையெல்லாம் மேல வெச்சிடறேன்."

"பிளாஸ்டர் தூசி படிஞ்சா சோபா என்னத்துக்கு ஆகும்? அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேளுங்க."

"அவ தூங்கற நேரம் இது."

அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பேசினால் பொழுது விடிந்துவிடும், தண்ணீர் ஏறிவிடும். "வாசலை நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அரிசி டின்னையும் காஸ் சிலிண்டரையும் மேடையில் ஏற்றவே அரைமணி நேரம் பிடித்தது. வாசலை அவரிடம் விட்டுவிட்டுப் போனதற்கு இன்றுவரை தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

திரும்பி வந்தபோது கணவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியா? ஒரு சொட்டு உள்ள வரல."

சாத்திய கதவுக்கு உட்பக்கம், நிலையை அடைத்து, ஆறு மூட்டைகள். தெருவில் எல்லார் வீட்டு வாசலிலும் மணல் மூட்டை. இவர் மணலுக்கு எங்கே போவார்? கைக்கெட்டிய தூரத்தில் பட்டறை மூலையில் ஆறு மூட்டை இருந்தது. அடுக்கிவிட்டார்.

"ஏங்க... அது பிளாஸ்டர்."

"மூட்டைதானே?"

"தண்ணி பட்டா இறுகிடும்!"

"இறுகட்டுமே. இன்னும் நல்லதுதானே?"

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். கதவுக்கு அடியில் கசிந்த தண்ணீரைக் காகித மூட்டைகள் குடித்திருந்தன. குழம்பாகி வழிந்து, இடுக்கையெல்லாம் அடைத்து, தரையையும் நிலையையும் கதவையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். அந்தச் சூடு அவள் விரலில் பட்டது. இருபது வருஷமாக அவள் கைக்குப் பழகிய சூடு. தண்ணீர் வெளியேற மூலையில் விட்டிருந்த ஓட்டையும் அடைபட்டிருந்தது. மணல் மூட்டையை விட இது ஆயிரம் மடங்கு உறுதி என்பதில் சந்தேகமே இல்லை. அதை நினைத்தால் எரிச்சல் இன்னும் கூடியது.

"இனிமே கதவை எப்படித் திறக்கறது?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. யோசித்ததாகக் காட்டிக்கொள்ள வாயைத் திறந்தார். அதற்குள் கொல்லைப்பக்கத்திலிருந்து களகளவென்று சத்தம்.

கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை மேலே வந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்பாதி ஒரு படி உயரம். தண்ணீர் அந்தப் படியைத் தாண்டி, நேராகப் பட்டறைக்குள் இறங்கியது. வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி ஏறியது.

அலமாரியின் கீழ்த்தட்டில் பதினாலு அச்சுகள், தனித்தனி அட்டைப்பெட்டியில். அவள் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினாள். ஊறிப்போன பெட்டியின் அடி கையோடு வராமல், அச்சு தண்ணீருக்குள் விழுந்து உடைந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை அடியில் கைகொடுத்து எடுத்தாள். எங்கே வைப்பது? மேசை நிறைந்திருந்தது. மேல்தட்டு நிறைந்திருந்தது. கட்டில்மேல் துணிமணி, பாத்திரம்.

"சாவி!" என்று கத்தினாள்.

அவர் சட்டைப்பையைத் துழாவினார். போட்டிருந்தது வேறு சட்டை. சாவி இருந்த சட்டை துவைக்கிற வாளியில், வாளி கொல்லையில் மிதந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்துத் துழாவி எடுத்து வருவதற்குள் அலமாரி ஆட்டம் கண்டு, கீழ்த்தட்டு முழுதும் சரிந்துவிட்டது; அதைத் தாங்கப் போனதில் அவள் கையிலிருந்ததும் விழுந்தது.

ஆறு மணிக்குத் தெரு வடிய ஆரம்பித்தது. கணவர் சொன்ன கணக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பதினோரு மணிக்கு எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவருக்கு நம்ப முடியவில்லை.

"என்னக்கா, ஊருக்கெல்லாம் வடிஞ்சாச்சு, உங்க வீட்டுல மட்டும் நிக்குது?"

"எங்க வீட்டுக்காரர் போக விடமாட்டேங்கறார்" என்றாள் அவள்.

கணவர் சுத்தியலை எடுத்து மடார் மடாரென்று போட்டார். அரைமணி நேரம் அடித்தும் கை கன்றியதுதான் மிச்சம். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு சுத்தியலைப் பிடுங்கி, தன் உளியை எடுத்தாள். பிளாஸ்டரை முட்டாள்தனமாக அடித்து உடைக்கக் கூடாது. கோடு கீறி, கோட்டின்மேலேயே மெல்லத் தட்டிக்கொண்டு போனால் அதுவாகப் பிளக்கும். நான்கு பிளவாக மூட்டைச் சுவர் சாய்ந்ததும் கதவை இழுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் தெருவார் பார்த்துக்கொண்டிருக்க, படியிறங்கிப் போனது. வாட்ச் ரிப்பேர்காரர் பெருக்கிய வாசல் மறுபடி நனைந்தது.

சேற்றிலிருந்து பதினாலு அச்சுகளையும் பொறுக்கி வரிசையாக வைத்தாள். ஆறு மணி நேரம் சாக்கடையில் ஊறி, ஈறெல்லாம் மழுங்கி, பாதி துண்டுகளாகி, எது யாருடைய வாய் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே, அந்தப் பதினாலு பேரின் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டையும் போனையும் கணவர் கையில் திணித்தாள்.

"பதினாலு பேருக்கும் நீங்களே பேசுங்க. மறுபடி அளவு குடுக்க வரணும்னு சொல்லுங்க."

முதல் ஆள் ஓய்வுபெற்ற கோர்ட்டு குமாஸ்தா. "இந்த மழையில பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"மழையா?" என்றாள் அவள்.

கணவர் தொண்டையைச் செருமினார். "இல்லீங்க. என் தப்பு. நான் பண்ணின காரியத்துல உங்க அச்சு போயிடுச்சு."

மூன்று வாரமாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா, பல் இல்லாமலே எத்தனை விதமாகத் திட்ட முடியும் என்று காட்டிக்கொடுத்தார். அடுத்தவர் லாரி டிரைவர், அவர் அதற்கும் மேலே போனார். ஒன்பதாவது ஒரு கிழவி. அவள் திட்டவில்லை. "பல்லு இருக்கறவங்களுக்கே இங்க சோறு இல்லப்பா. தண்ணி வடியட்டும், மெதுவா வரேன்" என்றாள். அதைக் கேட்டபிறகு கணவர் மிச்சமிருந்த ஐந்து பேரிடமும் 'என் தப்பு' என்றே ஆரம்பித்தார். வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த டாக்டருக்கும் அவரே பேசினார். டாக்டர், "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

எல்லாரிடமும் பேசி முடித்தபோது மணி மூன்று. மாலை ஐந்தே முக்காலுக்குக் கடல் மறுபடி ஏறும். வாசலில் தடுக்க ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நாத்தனார்.

"தம்பி, அங்க பெரிய வெள்ளமாமே? நியூஸ்ல காட்டறான். சோபா நனையலையே?"

அவள் ஒரு கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றாள்.

"நனையல" என்றார் கணவர்.

"அப்பாடா! கதவைப் பூட்டியே வை. மேல யாரும் சாமான் கீமான் கொண்டுபோய்ப் போட்டுடப் போறாங்க."

கணவர் தரையில் கிடந்த பதினாலையும் பார்த்தார். மிச்சமிருந்த இருபத்து மூன்றையும் பார்த்தார்.

"அக்கா, அதைக் கீழ இறக்கப் போறேன்."

"கீழயா? கீழதானேடா தண்ணி வருது?"

"ஆமா. கீழ இருக்கறதை மேல ஏத்தணும், இடம் வேணும். நாங்க இருக்கற வரைக்கும் மாடி ரூம் பட்டறைதான். நேரமில்லக்கா, வெச்சிடறேன்."

போனை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார் போலிருக்கிறது. நான்கு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டதே.

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்குப் பதினாலு பேரோட வாய் போகணுமா?" என்றாள் அவள்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டார். சோபாவின் ஒரு முனையைப் பிடிக்க முன்னால் மாடி ஏறினார். மறுமுனையைப் பிடிக்க அவளும் ஏறினாள்.