நடத்தை விஷயமாக வந்தவர்

“ஏண்ணா அடிச்ச? வீடு தேடி வந்த மனுஷன—”

“அடிக்காம ஆரத்தி எடுப்பாங்களா? நடுத்தெருவுல நின்னுகிட்டு உன்ன—”

“அவரு என்னா சொன்னாரு? அத மொதல்ல சொல்லு!”

“என் வாயால வேற சொல்லணுமா? ‘பொண்ணோட நடத்தை விஷயமா பேச வந்தேன்’னான். அதோட உட்டானா? ‘நடத்தையில இந்தப் பொண்ணு மாதிரி பாத்ததே இல்லன்னு மதுரை பூரா பேச்சு’ன்னான். உட்டேன் ஒண்ணு.”

அஞ்சலாட்சிக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டியது. மறுகணம் அந்தச் சிரிப்பே கொதித்துக்கொண்டு மேலே ஏறியது. மதுரையில் தங்கி அவள் படித்துவிட்டு வந்தது அதைத்தான்: விலங்கு நடத்தை. எந்தப் பிராணி எப்போது வளையைவிட்டு வெளியே வரும், எதைத் தின்னும், எதைக் கண்டு மிரளும் என்கிற படிப்பு. எண்பத்திரண்டாம் வருஷத்துக் கருவடிக்குப்பத்தில் இதை யாருக்கு விளக்குவது என்று, வீட்டில் ‘எம்.எஸ்சி.’ என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“அது என் படிப்புண்ணா! எலி நடத்தை! வயல்ல நெல்லத் திங்கிற எலிய ஆராய்ச்சி பண்ண ஆள் எடுக்கறாங்க. எங்க புரொபசர் என் பேரச் சொல்லியிருக்காரு. வேலை குடுக்க வந்தவரப் போயி—”

“எலிக்கு ஏதுடி நடத்தை?”

“உன்னவிட நல்லாவே இருக்கு. புதுசா ஒண்ணக் கண்டா எலிகூட நின்னு மோந்து பாக்கும். உன்ன மாதிரி பாயாது.”

இராமதாசுக்கு முகம் கறுத்தது. அப்பா போன பிறகு மில்லில் தறி ஓட்டித் தங்கையைப் படிக்க வைத்தவன் அவன்.

“எலி புடிக்கத்தான் உன்ன மதுரைக்கு அனுப்பினனா?”

“புடிக்க இல்ல, பாக்க! இந்தப் படிப்புக்குக் காட்டிலாகா இருக்கு, மிருகக்காட்சி சாலை இருக்கு. ‘பொம்பளையா? காட்டுல எப்பிடிம்மா இருப்ப?’ன்னு எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாங்க. இது ஒண்ணுதான் தானா வாசலுக்கு வந்துச்சு. அதையும் அறைஞ்சு தொரத்திட்ட!”

அம்மா தையல்நாயகி, மூலையில் கவிழ்ந்து கிடந்த அஞ்சலாட்சியின் தகரப் பெட்டியை நிமிர்த்தி, உறை உருவிக் கிடந்த தலையணையை ஒதுக்கி, தரையில் சிதறியிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். ஆனால் இருந்த ஆத்திரத்தில் அது மனசில் ஏறவில்லை.

“நான் கடையிலேர்ந்து வந்தப்ப எதிர்வீட்டு ஆயம்மா எல்லாம் சொல்லுச்சு. அதுதான் அவருக்கு மொகம் கழுவத் தண்ணி குடுத்து, வந்த விஷயத்தயும் கேட்டுச்சாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜுல இருக்காராம். சாயங்காலம் ஊருக்குப் போயிடுவாரு. வா, வந்து மன்னிப்புக் கேளு.”

“நானா? போடி வேலயப் பாத்துகிட்டு.”

“நீ வர வேணாம். லாட்ஜுக்கு நானே தனியா போறேன்.”

அவ்வளவுதான். இராமதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டான்; அஞ்சலாட்சி பின்னால் ஏறிக்கொண்டாள்.

எலி ஆராய்ச்சி அதிகாரி ராமலிங்கத்துக்கு இடது கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கதவைத் திறந்தவர் இராமதாசைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். மனுஷர் தமிழ்ப் பற்றுக்காரர். ‘பிஹேவியர்’ என்று ஒரு வார்த்தை இங்கிலீஷில் சொல்லியிருந்தால் கன்னம் தப்பியிருக்கும்.

“மன்னிச்சுக்குங்க சார். நடத்தைன்னதும் வேற ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.”

ராமலிங்கத்துக்கு என்ன தோன்றியதோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“நான் சொன்ன லட்சணம் அப்படி. எனக்கும் தங்கச்சி இருக்குப்பா. எவனாவது வாசல்ல நின்னு அப்படிச் சொல்லியிருந்தா நானும் ஒண்ணு வச்சிருப்பேன்.”

இராமதாசும் சிரித்தான். டீ வந்தது, இரண்டு கிளாஸ். மூன்றாவது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“தவளக்குப்பம் பக்கத்து வயலு. பொழுது சாஞ்சாத்தான் எலி வெளிய வரும். பொண்ண அனுப்புவீங்கள்ல?” என்று ராமலிங்கம் இராமதாசைத்தான் கேட்டார்.

“அனுப்பாம? நீங்க இருக்கீங்க, அப்புறம் என்னா? எம் தங்கச்சி நெருப்பு சார். அவமேல எனக்கு ஒருநாளும் ஒரு சந்தேகம் வந்ததில்ல.”

“அப்ப திங்கக்கெழமையே சேர்ந்துடட்டும்.”

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் ‘ஒருநாளும்’ என்ற சொல்லில் அஞ்சலாட்சியின் கால் நின்றுவிட்டது. கவிழ்ந்து கிடந்த தகரப் பெட்டி இப்போதுதான் கண்ணுக்குள் வந்தது. சிதறிக் கிடந்த புடவைகள், உறை உருவிய தலையணை, தலை குனிந்தபடியே மடித்துக்கொண்டிருந்த அம்மா.

“அப்ப, இவர அடிச்சுட்டு நேரா உள்ள வந்து, எதுக்குண்ணா என் பொட்டியக் கொட்டிப் பாத்த?”