முதல் கை

ராயபுரத்தில் அத்தாவுல்லாவின் வீட்டில் விருந்தாளியின் கண்ணில் பச்சைக் கறி பட்டதே இல்லை. எல்லாம் சமைத்து முடித்து, சஹன் என்ற பெரிய தட்டில் வைத்து, மூடிக் கொண்டுவருவார்கள். நால்வர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் உண்பார்கள். மூத்தவர் பிஸ்மில்லா என்று இறைவன் பெயரைச் சொல்லி முதல் கை வைத்த பிறகுதான் மற்றவர் கை நகரும். தகப்பனார் காலத்து ஒழுங்கு அது. அத்தாவுல்லா அதை ஒரு நாளும் தளரவிட்டதில்லை.

அவருடைய தம்பி அமீருதீன் கொரியாவில் நம் ராணுவ மருத்துவப் படைக்குச் சமைத்தவன். சண்டை நின்றதும் ஊர் திரும்பினான். அங்கே கற்ற கறியை இங்கே விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. தண்டையார்பேட்டையில் ஓட்டல் வைத்திருந்த அப்துல் வஹாப், "தின்னு பாத்துட்டு சொல்றேன். புடிச்சிருந்தா என் ஓட்டல் முன்பக்கம் உன்னுது" என்றிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் கூட்டாளி ரஷீதையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

சஹன் வரும் என்று அத்தாவுல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்தது கரி அடுப்பு. அதன் மேல், பட்டறையில் கொடுத்து வளைத்த பீப்பாய் மூடி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறி, பூண்டிலும் வெல்லத்திலும் நல்லெண்ணெயிலும் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய கறுப்புச் சாஸிலும் ஊறிக் கிடந்தது.

"இன்னாடா இது? பச்சைக் கறிய விருந்தாளி முன்னாடி கொண்டாந்து வெக்கிறே?"

"அங்க இப்படித்தாண்ணே. நடுவுல நெருப்பு. சுத்தி ஒக்காந்து, வேக வேக எடுத்துத் தின்னுவாங்க. வூட்லயும் அப்படித்தான், ஓட்டல்லயும் அப்படித்தான்."

"அடுப்பாண்ட ஒக்கார வெச்சாங்கன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"வுடு பாய்" என்றார் வஹாப். "கல்யாண வூட்டு பிரியாணி தேக்சா தொறந்தாப்ல வாசன ஷோக்கா கீது."

"எனக்குப் பசியில காது அடைச்சிகினு கீது" என்றார் ரஷீது.

மூடியில் போட்டதும் கறி சுருங்கி, ஓரம் சிவந்தது. அமீருதீன் முதல் துண்டை முட்டைக்கோஸ் இலையில் சுற்றி அண்ணனிடம் நீட்டினான். "அங்கயும் பெரியவங்க எடுத்தாத்தான் மத்தவங்க தொடுவாங்க. பிஸ்மில்லா சொல்லுங்கண்ணே."

அத்தாவுல்லா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. தான் ஒதுங்கியிருந்தால் போதும், விருந்தாளிகள் விருப்பப்படி சாப்பிடட்டும் என்று நினைத்தார். ஆனால் அவர்களும் அதே ஒழுங்கில் வளர்ந்தவர்கள். மூத்தவர் தொடாததை எப்படித் தொடுவார்கள்? இருவர் கைகளும் முழங்கால் மேலேயே இருந்தன.

கறி கறுத்தது. அமீருதீன் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புதுத் துண்டுகளைப் பரப்பினான். அவையும் கறுத்தன. "நீங்க சாப்புடுங்க" என்று அத்தாவுல்லா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வஹாப் எழுந்தார். வாசலில் அமீருதீனின் தோளைத் தட்டினார். "கூடப் பொறந்த அண்ணனே தொடல. அந்தக் கறிய எந்த மூஞ்சிய வெச்சிகினு என் கடையில விப்பேன், தோஸ்து?"

அமீருதீன் உள்ளே திரும்பினான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கூடத்தில் யாரும் இல்லாதபோது அத்தாவுல்லா மூடியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மேலே கரி கசந்தது. உள்ளே இனிப்பும் பூண்டும் இறங்கி, கறி பஞ்சாக இருந்தது. இன்னொன்று எடுத்தார்.

மனைவி பதுருன்னிசா கதவருகே நின்றிருந்தாள். "நேத்தே அமீரு சுட்டுக் குடுத்து நான் தின்னேன். அப்பவே சொல்லியிருப்பேன், நீங்க எங்க கேட்டீங்க?"

"அமீரு எங்க?"

"ஆர்பருக்கு. கப்பல்ல சமையலுக்கு ஆள் எடுக்கறாங்களாம். நம்ம வூட்டு அடுப்பு இனிமே வேணாம்னான்."

கறி நன்றாக இருந்தது என்று சொல்ல அவர் வாசல் வரை போனார். தெருவில் ஜும்மா கூட்டம் கலைந்திருந்தது; தம்பியைக் காணோம். திரும்பி வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொல்லாமலே தின்றுவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.