யாரும் சாகாத நாவல்கள்

ஆறு மாதமாக அம்மா படித்த நாவல்களில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. படுத்த கிழவர்கள் எழுந்து நடந்தார்கள், ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள், கடைசிப் பக்கத்தில் எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். இப்படியும் ஒரு உலகம் உண்டா, சொல்லுங்கள்! தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஊரார் அழுகையையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு லைன் கொடுத்தவள் அவள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் மிஞ்சியது.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு நூலகத்து மாடிப்படி ஏறக் கூடாது என்று உத்தரவு. மகளுக்கு அங்கேதான் வேலை. புதிதாக வந்தவற்றில் சனிக்கிழமைதோறும் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

எதிர்வீட்டு மெக்கானிக்கின் மனைவிதான் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு நர்ஸ் தன் நோயைப் பற்றியும் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியும் எழுதியதாம். புது வரவு அலமாரியில் பத்துப் பக்கம் புரட்டியிருக்கிறாள், மறுநாள் போனால் புத்தகம் இல்லை. அம்மா மகளிடம் கேட்டாள். அப்படி ஒன்று வரவே இல்லை என்றாள் மகள். மூன்று வாரம் கேட்டும் அதே பதில்.

அம்மா சும்மா விடுவாளா? எந்த மூலையில் யார் ஒளிந்திருந்தாலும் லைன் போட்டுப் பிடித்த கை அது. நூலகத்துக்கே போன் போட்டாள். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அது உங்கள் அட்டையில்தானே ஒரு மாதமாக இருக்கிறது, கூடவே ஆறு நாவலும் இருக்கிறதே என்றாள்.

அம்மாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தன் அட்டை நிரம்பிப்போக, மகள் தாயின் அட்டையிலேயே எடுத்துத் தாயிடமே மறைத்திருக்கிறாள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டத்துக்கு இவள் தலைவி. மகளின் பீரோவில் போர்வைகளுக்குப் பின்னால் ஏழும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு இருந்த பக்கத்திலெல்லாம் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் சாயங்காலம் வந்தபோது ஏழும் மேஜைமேல் இருந்தன. டாக்டர்தான் மனசை அலட்டிக்கக் கூடாதுன்னு சொன்னார் என்று முனகினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற வேறு ஆள் வேண்டுமா?

"நெஞ்சைப் பிளந்து தைச்சதையே தாங்கினவ நான். கதையில ஒருத்தி செத்தா தாங்க மாட்டேனா? இருக்கப்போற கொஞ்ச நாள்ல நான் எதைப் படிக்கணும்னு முடிவு பண்ண நீ யாருடி?"

மகளுக்கும் அதே ரத்தம்தானே. பையை நாற்காலியில் வீசினாள்.

"உனக்குத் தாங்கும்மா. எனக்குத்தான் தாங்கல. எதுல யார் சாகுறாங்கன்னு பாத்ரூம்ல உக்காந்து படிச்சுப் பாத்துட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உனக்கு மாத்திரை குடுத்தேன். ஏழு தடவை."

அம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். கோபம் அடங்கவில்லை, இன்னும் ஏறத்தான் செய்தது. ஆனால் இப்போது அது தன்மேலா மகள்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏழையும் தனியாவா படிச்ச, கழுதை?"

அம்மா நர்ஸின் புத்தகத்தை எடுத்து மகளின் கையில் திணித்தாள்.

"உக்காரு. முதல் பக்கத்துலேருந்து சத்தமாப் படி. குரல் உடைஞ்சா எங்கிட்ட குடு, நான் படிக்கிறேன்."