துண்டு கேட்ட ஃப்ளஷ் டேங்க்

வீட்டுக்காரர் இறந்த மறுநாள், காலை ஆறே முக்காலுக்கு, அந்தப் பழைய வீட்டுக் குளியலறையில் இருந்த ஃப்ளஷ் டேங்க் ஒழுக ஆரம்பித்தது; ஒழுகிக்கொண்டே அவர் குரலில் துண்டும் கேட்டது. வீட்டில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் ஒரு நாளாவது துண்டோடு குளிக்கப் போனவர் இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்துபவர். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். மனைவி "ஒரு நிமிஷம் இருங்க" என்றால் கடிகாரத்தைப் பார்ப்பார். கடைசி நாளன்று அவர் துண்டு கேட்ட நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "கை கால் இல்லையா? நீங்களே வந்து எடுத்துக்கோங்க" என்று அவள் கத்திவிட்டாள். மனிதர் ஈர உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மத்தியானம் மேசைமேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. வரச் சொன்னதால்தான் வந்திருக்கிறார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். முதுகோடு ஒட்டியிருந்த அந்தச் சட்டையை அவளால் மறக்கவே முடியவில்லை.

ஒன்பது வருடம் தினமும் கதவில் துண்டு மாட்டினாள். பத்து நிமிடத்தில் அது நனைந்திருக்கும். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "என்னங்க, சாருக்குத் தொண்டை கட்டியிருக்கு போலிருக்கே?" என்று விசாரிப்பாள். முதலில் நூலாக இறங்கிய தண்ணீர் பிறகு கயிறாக இறங்கியது. மாடித்தொட்டி பத்து மணிக்கெல்லாம் காலி. கைக்குழந்தையோடு வந்து சேர்ந்த மகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா பேசட்டும்மா, வேண்டாங்கல. குழந்தையைக் கழுவ ஒரு வாளித் தண்ணி வேணாமா?" என்றாள்.

பிளம்பர் மூடியைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டார். "அடியில ரப்பர் வாஷர் நைஞ்சு போச்சும்மா. மாத்தினா ஒழுகாது. பேச்சும் நின்னுடும்" என்றார். பிறகு ஆறுதலாக, "வேற ஒரு வீட்ல மாமியார் பேசிட்டிருந்தாங்க. அங்க யோசிக்கவே இல்ல" என்றார்.

அவள் பிளம்பரை வெளியே அனுப்பிவிட்டுத் தண்ணீருக்கு நேராகத் துண்டை நீட்டினாள். "இந்தாங்க. அன்னைக்கு நானே கொண்டாந்து குடுத்திருக்கணும். ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிளம்பர் வால்வை மூடி, வாஷரை மாற்றி, மறுபடி திறந்தார். மிதவை மேலே வந்து நின்றது. வீடு கப்சிப். அத்தனை நாள் வாளிக்கு ஏங்கிய மகள்தான் முதலில் அழுதாள்.

"கடைசியா என்னம்மா சொன்ன?"

"போயிட்டு வாங்கன்னேன்."

"ஐயோ, அப்பாகிட்டயா?"

"பின்ன? வெறும் போங்கன்னா சொல்ல முடியும்?"

அன்று அவள் துண்டை அலமாரியில் மடித்து வைத்துப் பூட்டினாள். மறுநாள் ஆறே முக்காலுக்கு டேங்க் மூச்சுக் காட்டவில்லை. மாடித்தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. குளியலறைக் கதவில் அந்தத் துண்டு ஈரமாகத் தொங்கியது. அவரே வந்து எடுத்திருக்கிறார். அவள் அதைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு அலமாரியின் பூட்டைக் கழற்றி, அவர் கைக்கு எட்டுகிற தட்டில் இன்னொன்றை மடித்து வைத்தாள்.