உங்க டிவி பழசு

சூடாமணி வீட்டு டிவியில் ஒன்பதாம் நம்பர் சேனல் மட்டும் பளிச்சென்று தெரியும். அது கேபிள்காரன் தயாளனின் சொந்தச் சேனல். பழைய படங்களும் நடுநடுவே மாடவீதி நகைக்கடை விளம்பரமும் போடுவான். மற்ற சேனல்களில் எல்லாம் மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள். கேட்டால், "உங்க டிவி பழசு மாமி" என்பான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் கோளாறு எந்த முனையில் என்று தேடியவளிடம் இந்தக் கதையா? ஞாயிற்றுக்கிழமை காலை டிவியை ஆட்டோவில் ஏற்றி, தயாளனின் கேபிள் அறை வாசலில் போய் இறங்கினாள்.

"இன்னா மாமி, டிவிய தூக்கிக்கினு வந்துட்டீங்க?"

"ஒயரைச் சொருகு. இங்கே எப்படித் தெரியறதுன்னு பார்ப்போம்."

சொருகினான். அங்கேயும் ஒன்பது பளிச், மற்றதெல்லாம் மணல். தயாளனின் டிவியிலும் அதே கதைதான். சூடாமணி கருவிகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தாள். ஒவ்வொரு சேனலும் ஒரு பெட்டி வழியாகப் போனது. ஒன்பதுக்கு மட்டும் வெளிநாட்டுப் பெட்டி. மற்றவை யாரோ பற்றவைத்த தகர டப்பாக்கள்.

"விளம்பரத்துக்கு நல்ல பெட்டி, எங்களுக்குத் தகர டப்பாவா?"

"எல்லாத்தையும் மாத்தணும்னா நாளாவும் மாமி."

"ஆகட்டுமே. அதுவரைக்கும் நல்ல பெட்டியில நியூஸை மாட்டு. உன் சேனலைத் தகர டப்பாவுல விடு."

"ஐயோ, நகைக்கடைக்காரர் கேப்பாரே!"

சூடாமணி அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் டிவி பழசுன்னு சொல்லு."