அன்சு குஜாபி – 1

1.

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை. கடிதமாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாக்கார் நகரத்தில், யோஃப் கடற்கரைக்குப் போகிற தெருவில் உட்கார்ந்து பிறருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பது என் வேலை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை மாறாமல் எழுதுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை அன்சு குஜாபி வந்து எதிரே குந்தினான். கால் விரல் இடுக்கெல்லாம் மணல்.

“பொருள் என்னன்னு போடட்டும்?” என்று கேட்டேன்.

“என் கோலை எனக்குத் திருப்பிக் குடுக்கணும்னு போடு.”

அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, மீதியைக் கடிதமாக எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இது.

(செனகல் நாட்டுக்குக் கடற்கரைக் கால்பந்து அணி இருப்பது நிஜம். அது ஆப்பிரிக்கக் கோப்பையைப் பலமுறை தூக்கியதும் நிஜம். அன்சுவும், அவன் ஆடிய இறுதி ஆட்டமும், பின்னால் வரப்போகும் சுவரும் நான் கட்டியவை. எந்த அட்டவணையிலும் தேட வேண்டாம். அப்படியானால் அந்தச் செவ்வாய்க்கிழமை? அதைக் கேட்காதீர்கள்.)

2.

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

‘கடல் அன்று உருக்கிய பொன்னைப் போல—’ வேண்டாம். கடலைப் பார்த்துக்கொண்டு யாரும் பந்து உதைப்பதில்லை.

‘அன்சுவின் தந்தை சாகும் தறுவாயில் மகனை அழைத்து—’ அடித்துவிட்டேன். ஒரு கோலுக்காக யாரும் சாக வேண்டியதில்லை. அவன் அப்பா தெற்கே கசமான்ஸில் நெல் வயலில் திடமாக இருக்கிறார். பந்தாட்டம் அவருக்குப் பிடிக்காது.

‘மூன்றாம் பகுதி முடிய நாற்பது விநாடி. ஐந்துக்கு ஐந்து.’ இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

மூன்றாம் பகுதி முடிய நாற்பது விநாடி. ஐந்துக்கு ஐந்து. மணல் ஆட்டத்தில் மூன்றாவதுதான் கடைசிப் பகுதி. காயம்பட்ட ஒருவனுக்குப் பதிலாக உள்ளே வந்திருந்தான் அன்சு. அவன் தேசிய அணிக்கு ஆடிய முதல் போட்டித்தொடர் அது. பிற்பாடு முழங்கால் போய்விட்டதால் கடைசியும் அதுவே. பந்து அவன் தலைக்கு மேலே வந்தது. முதுகைக் கோல் பக்கம் காட்டி எகிறி, ஆகாயத்தைப் பார்த்தபடி தலைகீழாக உதைத்தான். கோலுக்கு முன்னால் நின்ற சக ஆட்டக்காரன் லாதிர் ஃபாய் பந்துக்கு வழிவிட்டுத் துள்ளினான். பந்து மணலில் ஒரு முறை பட்டு, லாதிரின் கால்களுக்கு இடையே புகுந்து வலையில் விழுந்தது.

லாதிர் இரண்டு கையையும் தூக்கினான். நடுவர் அவன் சட்டை எண்ணை எழுதினார். வானொலியில் அவன் பெயரைக் கத்தினார்கள். படம் பிடித்தவருக்குக் கிடைத்தது லாதிரின் முதுகு மட்டும்.

அன்சு எழுந்தபோது வாய் நிறைய மணல்.

3.

அன்று சாயங்காலம் அணி மொத்தமும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து மீன் சோறு சாப்பிட்டபோது அன்சு அதைச் சொல்லிவிட்டான்.

“திருட்டுப்பயலே, அது என் கோலுடா!”

எல்லோரும் சிரித்தார்கள். லாதிர் சோற்றைக் கக்குகிற அளவுக்குச் சிரித்தான். “அடிமைக்கு ஏதுடா கோலு? அடிமை அடிச்சா ராஜா கணக்குல போகும்!”

ஏனென்றால் லாதிர் செரேர் இனத்தவன், அன்சு ஜோலா இனத்தவன். ஒரே படகில் வந்த அக்காள் தங்கையின் வழி வந்தவர்கள் இவர்கள் என்றும், படகு நடுவே பிளந்து ஒருத்தி வடக்கேயும் ஒருத்தி தெற்கேயும் கரை சேர்ந்தாள் என்றும் சொல்வார்கள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபித்துக்கொள்ளத்தான் உரிமை கிடையாது. ஜோலா என்றால் சோத்துமூட்டை, செரேர் என்றால் கம்பு தின்னி; இருவருக்கும் மற்றவன் அடிமை. நம் மாமன் மச்சான் கேலியை இரண்டு சனங்களுக்கும் சேர்த்து விரித்துப்போட்ட மாதிரி.

ஆக, பதினோரு வருஷமாக அன்சு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. கூடவே அவனும் சிரித்தான். சிரிக்காமல் எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.*

*எனக்கும் தெரியவில்லை. இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் சொல்கிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

4.

இப்போது சுவர்.

அன்சுவுக்கு வேலை அந்த ஆடுகளத்திலேயே. காலையில் மணலைப் பரம்பு இழுத்துச் சமப்படுத்துவான். கிளிஞ்சல், கல், உடைந்த கண்ணாடி எல்லாம் பொறுக்கி எடுப்பான். களத்தின் வடக்குச் சுவரில் அணியின் சாதனைகளை எழுதிவைக்க ஆட்டக்காரர் சங்கம் முடிவு செய்தது. கோப்பை வென்ற வருஷங்கள் மேலே. கீழே, நாட்டுக்காகக் கோல் போட்ட ஒவ்வொருவர் பெயரும் எண்ணிக்கையும். கோல் போடாதவர்களுக்கு இடமில்லை.

எழுதுகிறவள் மாரேம், அவளும் செரேர். ஏணியில் நின்றபடி ஊர் வம்பு முழுவதையும் பேசுவாள்.

“லாதிர் ஃபாய், நாப்பத்தேழு. ஏன் அன்சு, உன் பேரைக் காணோமே? பதினோரு வருஷமா கோலு கோலுன்னு கத்துனியே, எல்லாம் வெறும் வாய்தானா?”

“அந்த நாப்பத்தேழுல ஒண்ணு என்னுது.”

“ஐயோ, ஆரம்பிச்சுட்டான்யா சோத்துமூட்டை!” என்று ஏணி ஆடச் சிரித்தாள்.

அன்றைக்குத்தான் அவன் என்னிடம் வந்தது. அந்த ஒரு வரியோடு கடிதம் போயிற்று. பதிவேடு பார்க்கிற அதிகாரியிடமிருந்து பதிலும் வந்தது: ‘கோல் தம்முடையதல்ல என்று திரு. ஃபாய் கையொப்பமிட்டால் திருத்தத் தடையில்லை.’ சனிக்கிழமை சுவருக்குக் கடைசிப் பூச்சு. அதற்கப்புறம் யாரும் தொட முடியாது.

“லாதிர்கிட்ட நீயே கொண்டுபோய்க் குடு. நீ எழுதுன ஆளு, உன்கிட்ட அவன் விளையாட மாட்டான்” என்றான் அன்சு.

மாட்டேன் என்றேன். அவன் ஆட்டத்தின் சட்டத்தையே எடுத்துச் சொன்னேன். மற்றக் கால்பந்தில் தப்பாட்டம் நடந்தால் அணியில் யார் வேண்டுமானாலும் அந்த உதையை உதைக்கலாம். மணலில் அப்படி இல்லை. அடிபட்டவன்தான் உதைக்க வேண்டும்.

5.

(இங்கே ஒரு சந்தேகம். அன்சு அற்பனோ? நாற்பத்தேழு வைத்திருப்பவனிடம் ஒன்றைக் கேட்பது பெரிய விஷயமா? லாதிருக்கு நாற்பத்தாறு ஆனால் எதுவும் குறையாது. அன்சுவுக்கு ஒன்று வந்தால், தினமும் பரம்பு இழுக்கிற இடத்தில் அவன் பெயர் இருக்கும். வராவிட்டால் அவன் மணல் கூட்டுகிறவன் மட்டும்தான். அற்பன் இல்லை என்று தீர்மானித்து மேலே எழுதுகிறேன்.)

6.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வெளுத்த நீள அங்கியோடு அன்சு லாதிரின் வீட்டுக்குப் போனான். வீட்டு வாசலில், வேப்பமரத்தடி மணலில் பாய் விரித்து லாதிர் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தான். அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள்.

“அடடே, அடிமை இன்னிக்குச் சலவைத் துணியில வந்திருக்கான்! யாருக்குடா கல்யாணம்?”

“கம்பு தின்னிக்கு அரிசி போட வந்தேன்” என்றான் அன்சு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முதல் சுற்றுத் தேநீர், கசப்பானது, வந்தது. அன்சு அதிகாரியின் காகிதத்தை நீட்டினான். லாதிர் உரக்கப் படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் தொடையில் அடித்துச் சிரித்தார்.

“பார்றா, திருடன்கிட்டயே ரசீது கேக்குறான்!”

“போடு லாதிர், கையெழுத்து போடு! ராஜமுத்திரையும் சேத்துப் போடு!”

அன்சு சிரிக்கவில்லை.

யாரும் முதலில் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்று வந்தது. அவன் குவளையை வாங்கிக் கீழே வைத்தான். அப்போதும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவருக்கு ஏதோ வேலை ஞாபகம் வந்தது. இன்னொருவர் அவரோடு எழுந்து போனார்.

லாதிர் காகிதத்தை மறுபடி, இந்த முறை மௌனமாகப் படித்தான்.

“நிஜமாவாடா?”

“நிஜமா.”

“எப்பலேருந்து?”

“அன்னிக்கு மீன் சோறு தின்னப்பலேருந்து.”

லாதிர் கெட்டிலைத் தூக்கினான், ஊற்றாமல் வைத்துவிட்டான்.

“பந்து என் மேல படலைடா” என்றான். “குதிகால்ல மணல்தான் வந்து அடிச்சுது. கோல் விழுந்த சந்தோஷத்துல கையைத் தூக்குனேன். நடுவரு என் நம்பரை எழுதிட்டாரு. நீ வந்து கேப்பே, குடுத்துடலாம்னு இருந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே வந்தே.”

“நீயும்தானே சிரிச்சே?”

“பின்னே? ஒரு ஜோலா என்னைத் திருடன்னு சொல்றான். நான் சிரிக்காம என்ன பண்றது?”

மூன்றாவது சுற்று, நிறையச் சர்க்கரை போட்டது, இருவருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. லாதிர் பேனாவைக் கேட்டான். அன்சு கொடுத்தான். (என் பேனா. இன்னும் திரும்பி வரவில்லை.)

“போடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இதுல கையெழுத்து விழுந்துட்டா நான் நெசத் திருடன். பதினோரு வருஷமா வச்சிருந்த திருடன். நாளைக்குக் களத்துல என்னைப் பார்த்தா எப்படிடா கூப்பிடுவே?”

7.

இதற்கு மேல் மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவதில் லாதிர் கையெழுத்துப் போடுகிறான். மாரேம் நாற்பத்தேழை நாற்பத்தாறாக்கி, கீழே ‘அன்சு குஜாபி – 1’ என்று நீலத்தில் எழுதுகிறாள். மறுநாள் களத்தில் லாதிர், “சுகமா, அன்சு?” என்று கேட்கிறான். “சுகம், லாதிர்” என்கிறான் இவன். முதல் முறை சந்திக்கிற இரண்டு கனவான்களைப் போல. அதோடு சரி.

இரண்டாவதில் அன்சு காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிறான். சுவர் அப்படியே இருக்கிறது. “வாடா திருடா!” என்று கூப்பிடுகிறான். இருவரும் சிரிக்கிறார்கள். ஆனால் அது உண்மை என்று இருவருக்கும் இப்போது தெரியும் என்பதால், சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே முடிகிறது.

மூன்றாவதில் ஆளுக்குப் பாதி கொடுத்துப் பார்த்தேன். லாதிருக்கு நாற்பத்தாறரை, அன்சுவுக்கு அரை. மாரேம் ஏணியிலிருந்தே கத்தினாள்: “அரைக் கோலா? கதை எழுதுறவனுக்கு ஆட்டம் தெரியாதாக்கும்!”

அவள் சொன்னது சரி. இந்த ஆட்டத்தில் சமன் என்பது கிடையாது. மூன்று பகுதியும் ஆடி எண் ஒத்துப்போனால் இன்னும் மூன்று நிமிஷம். அதற்கும் மசியாவிட்டால் மாறிமாறிக் கோலுக்கு நேர் உதை. யாராவது ஒருவர் தோற்றுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். முடிவை அந்தரத்தில் விட்டு நழுவுவது என் போன்றவர்களுக்கு வழக்கம். மணலில் அது செல்லாது.

8.

ஆகவே பாய்க்குத் திரும்புகிறேன். லாதிரின் பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. சுவரில் கடைசி வரிக்கான இடம் வெள்ளையாக இருக்கிறது. நாளை சனிக்கிழமை.

அன்சுவின் வலது கை மட்டும் பாய்க்கு வெளியே போய் மணலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. உதைக்கப்போகிறவன் பந்தை உயர்த்தி வைக்கச் செய்கிற சின்ன மேடு. அதைச் செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பக்கங்களைத் தட்டிவிட்டான். உச்சியைக் கட்டைவிரலால் குழித்தான்.

இந்த இடத்தில் அவன் வாயில் ஒரு சொல்லை வைத்துவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. உங்களுக்கும் ஒன்று தோன்றியிருக்கும். ஆனால் அடிபட்டவன்தான் உதைக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னவனே நான். மற்ற எல்லோரும் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்துக்கும் கோலுக்கும் குறுக்கே ஒருவரும் நிற்கக் கூடாது.

நான் தள்ளி நின்றுவிட்டேன். நீங்களும் கொஞ்சம் நகருங்கள்.

அன்சு நிமிர்ந்து லாதிரைப் பார்த்து,