ரூனாவின் மூக்கை எங்கே வெட்டுவது

1.

இந்தக் கதை எனக்கு மீன்கூடத்து வாசலில், பனிமூட்டம் இறங்கிய ஒரு மதியத்தில் கிடைத்தது. எல்மர் தன் படகைக் காட்டி, "இதுக்கு மூக்கு எங்க போச்சுன்னு கேளு, சொல்றேன்" என்றான். கேட்டேன். அவன் சொன்னது அவன் படகின் கதை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது அது அதே துறைமுகத்து டோர்டிஸின் படகின் கதையாகிவிட்டது.

எப்படி என்று கேட்காதீர்கள், செல்லங்களா. ஹாலிபட் மீன் குஞ்சுக்குக் கண்கள் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து, மண்டையைத் தாண்டி, மற்றக் கண்ணோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. யாரும் தள்ளுவதில்லை. அதன் பிறகு ஆயுசு முழுக்கக் கடலின் அடியில் மணலைப் போர்த்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்து, இரண்டு கண்ணாலும் மேலேயே பார்க்கிறது.* என் கதையிலும் ஒரு கண் அப்படி நகர்ந்துவிட்டது. இனி அதைப் பழைய இடத்தில் வைக்க என்னால் ஆகாது.

(* தமிழ்நாட்டுக் கரையில் எருமைநாக்கு என்கிறோமே, அதே சாயல்தான். ஆனால் ஓர் ஆள் கட்டிப்பிடித்தாலும் அடங்காத உருவம்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில், மலைகள் கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னத் துறைமுகத்தில்—"

வேண்டாம். மலையில் தொடங்கினால் நான் மலையிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

அப்புறம்: "டோர்டிஸ் கணவனை இழந்தவள்." இது நன்றாக ஓடியது. கணவன் பெடர் கட்டிய படகு, பெடர் இல்லாத வீடு, வெட்டப்போகிற மரத்தை அவள் தடவிப் பார்ப்பது, எல்லாம் வந்தது. எனக்கே கண் கலங்கியது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. இவ்வளவு சுலபமாக அழுகை வந்தால் எங்கேயோ தப்பு செய்கிறேன். செத்தவரிடம் அவள் எதையும் கேட்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

ஆகவே பெடரை உயிரோடு எழுப்பிவிட்டேன். சமையலறை மேசையருகே, ஜன்னல் பக்க நாற்காலியில் இருக்கிறார். போன குளிர்காலத்தில் வந்த நோயில் வலது கை மட்டும் நடுக்கம் கண்டுவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். அதை யாரும் பார்க்காதபடி குடிக்கத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

3.

இனி உண்மையான தொடக்கம்.

மீன்துறையிலிருந்து படகை அளவெடுக்க வந்த பெண் சின்ன வயசு. டோர்டிஸின் படகு ரூனாவின் முன்நுனியிலிருந்து பின்பலகை வரை டேப்பை இழுத்தாள். படித்தாள். மறுபடி இழுத்தாள்.

"முப்பத்தஞ்சு அடி மூணு அங்குலம்மா. காகிதத்துல முப்பத்தஞ்சுன்னு இருக்கு."

"அது எம் வீட்டுக்காரர் சொன்னது. படகு கட்டினவரே அவர்தான்."

"அவர் சொன்னது சரியாத்தான் இருக்கும். டேப்பு வேற சொல்லுதே, நான் என்ன செய்ய?"

எங்கள் கடல் பகுதியில் இந்த வருஷம் இவ்வளவு ஹாலிபட்தான் எடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைப் பங்கு பங்காகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு வகைப் பங்கு சின்னப் படகுகளுக்கு மட்டும். முப்பத்தைந்து அடிக்கு மேல் போனால் அந்தப் பங்கை அந்தப் படகில் பிடிக்க முடியாது. பங்கு வருவதற்கு முந்திய காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் கடலைத் திறந்துவிடுவார்கள். புயலானாலும் எல்லாரும் அன்றைக்கே ஓடுவார்கள். அவசரத்தில் விட்டுவந்த தூண்டில் கயிறுகள் அடியில் கிடந்து, எடுக்க ஆளில்லாத மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது நல்ல சட்டம்.

நல்ல சட்டம் என்று டோர்டிஸே சொல்லியிருக்கிறாள், ஊர்க்கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று. எல்மரின் படகு அப்போது கொஞ்சம் கூடுதல். விட்டுக்கொடுக்கும்படி கேட்டான்.

"எல்மருக்கு ஒரு கை அகலம் விட்டா, நாளைக்கு வெளியூர்க்காரன் பெரிய படகைக் கொண்டாந்து எனக்கும் ஒரு கை அகலம் விடும்பான். ஒரு விரல் கூட விடக் கூடாது. எம் படகா இருந்தாலும் இதேதான் சொல்வேன்" என்றாள்.

கூடம் கை தட்டியது. எல்மர் தன் படகின் முன்பக்கத்தை வெட்டினான். பலகையை நிமிர்த்தி அடித்து மூடினான். அன்றிலிருந்து அது தூரத்தில் வரும்போது கதவைக் கழற்றிக் கடலில் விட்டதுபோல இருக்கும்.

[இந்த இடத்தில் டோர்டிஸ் தன் பேச்சை நினைத்து வெட்கப்பட்டாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் வெட்கப்படவில்லை. அவள் சொன்னது சரி. அதுதான் அவளுக்குக் கஷ்டமே.]

4.

"எவ்வளவு?" என்றார் பெடர்.

"மூணு அங்குலம்."

"டேப்பை விறைப்பா இழுத்திருக்க மாட்டா."

"இழுத்தா பெடர். எனக்காக ரெண்டு தரம் இழுத்தா, பாவம்."

பெடர் ஜன்னலைப் பார்த்தார். பனிமூட்டம் அங்கே எதையும் விட்டுவைக்கவில்லை.

"நீ வரைஞ்சது முப்பத்தஞ்சுதானே? நானும் பாத்தேனே" என்றாள் டோர்டிஸ்.

"வரைஞ்சது முப்பத்தஞ்சு. மரம் அப்படி வரல. மேல சரிவுல, சின்னதா இருக்கும்போதே உறைபனி அமுக்கி அமுக்கி வளைஞ்ச தேவதாரு அது. அந்த வளைவு ஒரு இடத்துல வந்து முடிஞ்சுது. அதுக்கு முன்னால நிறுத்த எனக்குக் கை வரல. அப்ப யாரு இங்க நீளம் பாத்தா?"

"இப்பப் பாக்குறாங்க."

"பின்னால வெட்டு."

"பின்னால வெட்டிட்டு நான் எங்க நின்னு கயிறு விடுறது? உன் தலைமேலயா?"

"அப்ப வேற படகு வாங்கு."

"வாங்கலாமே. காபி டப்பாவுல இருக்குல்ல பணம்."

"பங்கை வித்துடு, டோர்டிஸ்."

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவள் அடுப்பைத் திறந்து பார்த்து மூடினாள். பருவம் முடியப்போகிறது. அதற்குள் படகு அளவுக்கு வராவிட்டால் இந்த வருஷத்துப் பங்கு கடலிலேயே கிடக்க வேண்டியதுதான். விற்றுவிட்டாலோ, இனி எந்த வருஷத்திலும் அவள் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

"வித்துட்டு? உன் எதிர்ல உக்காந்து ஏலக்காய் ரொட்டி சுடவா?"

"நல்லா சுடுவியா?"

"கருக்குவேன்."

"அப்ப வேண்டாம். போய் மீனே புடி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "மூக்கைத்தான் வெட்டணும், பெடர்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அது மேசையில் கடகடவென்று ஆடி நின்றது.

(பெடரை இன்னும் நான் முழுக்க நம்பவில்லை. தன் வாழ்நாளின் நல்ல வேலையை வெட்டப்போகிறார்கள் என்று கேட்டவர் இப்படிக் கோப்பையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பாரா? ஒரு வரைவில் கத்தவைத்துப் பார்த்தேன். கதவை அறைந்து வெளியே போகவும் வைத்தேன். இரண்டிலும் அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். சும்மா இருந்தபோதுதான் பெடராக இருந்தார்.)

5.

டோர்டிஸ் கனவு கண்டாள்.

கடலின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். மணல் கழுத்துவரை இதமாக இருக்கிறது. ஒரு கண் நகர்ந்து இன்னொரு கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வலிக்கவில்லை. மேலே வெகு தூரத்தில் படகுகள் காய்ந்த இலைகள்போல மெல்லப் போகின்றன. எது நீளம், எது குட்டை என்று கீழேயிருந்து தெரியவில்லை. அதைக் கேட்கவும் தோன்றவில்லை. அப்போது ஒரு தூண்டில் அவளை மேலே எடுக்கிறது. நீள நீளமாக எடுக்கிறது, ஒரு இரவு முழுவதும் எடுப்பதுபோல. யாரோ மூக்கிலிருந்து வால்வரை அளந்து பார்க்கிறார்கள். "சின்னது. விட்டுடு" என்கிறது ஒரு குரல்.* தூண்டிலை வாயிலிருந்து வலிக்காமல் கழற்றித் தண்ணீரில் விடுகிறார்கள். அவள் இறங்குகிறாள். இறங்கிக்கொண்டே இருக்கிறாள்.

விழித்தபோது காரணம் தெரியாத சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் பெடர் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(* அளவுக்குக் குறைந்த ஹாலிபட்டை உயிரோடு திருப்பி விட்டாக வேண்டும். கொக்கியைப் பிடித்து இழுத்து வாயைக் கிழிக்கக் கூடாது.)

[கனவு கதைக்குத் தேவையா என்று யோசித்து இதை எடுத்துவிட்டேன். எடுத்த இடம் குளிர்ந்தது. திரும்ப வைத்தேன்.]

6.

துறைமுகத்தின் கோடியில் கட்டைகளை வரிசையாகப் பதித்த ஒரு மேடை இருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போது படகை அதன்மேல் கொண்டுவந்து கம்பங்களில் கட்டுவார்கள். கடல் வற்றியதும் படகு கட்டைகள்மேல் உட்கார்ந்துவிடும். மறுபடி தண்ணீர் வரும்வரைதான் வேலை செய்யலாம்.

ரூனா பனிக்குள் அப்படி உட்கார்ந்திருந்தது. எல்மர் இயந்திர ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"வணக்கம் சட்டத்தம்மா. ரம்பத்துக்குப் புதுப் பல்லு போட்டிருக்கேன், உனக்காகவே."

"ரொம்ப நாளா காத்திருந்தியாக்கும்?"

"காத்திருந்தா என்ன தப்பு? எம் படகைப் பாத்து ஊரே சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச."

"சிரிச்சேன். பாக்கக் கதவு மாதிரிதானே இருந்துச்சு."

"இனிமே ரெண்டு கதவா போவோம்."

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் புடிடா."

டோர்டிஸ் முன்நுனியில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, சரியாக முப்பத்தைந்து அடி வரும் இடத்தில் மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் வைத்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு நேர்கோடு போட்டு, அதன்படி அறுக்க வேண்டும். அவள் பென்சிலை எடுத்தபோது சரிவுப்பாதையில் பெடர் வந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் வருவதைப் பார்த்ததும் எல்மர் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"குடு" என்று கையை நீட்டினார்.

"பெடரண்ணே, இந்தப் பலகையை ஒட்டி வெச்சுக்கங்க, சுலபமா இருக்கும்" என்றான் எல்மர்.

"பலகை வெச்சு நான் எப்படா கோடு போட்டேன்?"

ஏணியில் ஏறினார். இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் பென்சில். மேல் புள்ளியில் தொடங்கினார். மெல்ல வந்தார். நடுவில் கை உதறியது. கோடு முன்பக்கம் ஒரு விரல் அகலம் புடைத்து, பிறகு உள்ளே வந்து, கீழ்ப் புள்ளியைச் சரியாகத் தொட்டு நின்றது.

எல்மர் பார்த்தான். உடனே வேறு பக்கம் திரும்பி, பனிக்குள் ஏதோ பறவையைத் தேடுபவன்போல நின்றுகொண்டான்.

அந்தக் கோட்டின்படி அறுத்தால், ரூனா அந்த இடத்தில் முப்பத்தைந்து அடிக்கு ஒரு விரல் கூடுதல்.

7.

இந்த இடத்துக்கு வந்து பல நாளாகிறது. முடிவுகள் எழுதி எழுதிப் பார்த்தேன். உங்களுக்குக் காட்டுவதில் எனக்கென்ன கூச்சம்.

ஒன்று. அவள் அவர் போட்ட கோட்டின்படியே அறுக்கிறாள். புடைப்பு புடைப்பாகவே நிற்கிறது. பெடர் அதைத் தடவிப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போகிறார். அந்தச் சின்னப்பெண் டேப்போடு திரும்ப வருகிறாள். டோர்டிஸ் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டிய ஒரே பதிலை ஏற்கெனவே ஊர்க்கூடத்தில் சொல்லிவிட்டிருக்கிறாள். அந்த வருஷம் அவள்—

இன்னொன்று. ரம்பத்தை நேராக இறக்குகிறாள். அவர் கை உதறிய இடம் மரத்தூளாகப் பறக்கிறது. சட்டம் சரியாகிவிட்டது. பெடர் பார்க்கிறார். சரிவுப்பாதையில் ஏறிப் போகிறார். அதன் பிறகு அவர் துறைமுகத்துக்கு இறங்கி வந்ததை—

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் கோட்டுக்கும் உள்ளே, இன்னும் ஒரு சாண் தள்ளி அறுக்கிறாள். வெட்டுண்ட துண்டு கோட்டோடு சேர்ந்து சேற்றில் குப்புற விழுகிறது. கோடு நேரா கோணலா என்று இனி யாரும் பார்க்க முடியாது. அவர் மரத்தில் கூடுதலாக ஒரு சாண் போனது. அவர் கை தப்பித்தது. ஆகா, இதுதான் முடிவு என்று சில நாள் நானே எனக்குள் சிரித்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது. டோர்டிஸ் வாயைத் திறக்காமல் தப்பிக்க நான் வழி செய்துகொடுத்திருக்கிறேன். இத்தனை வருஷம் அவளைத் தெரியும். அவள் அப்படித் தப்பிக்கிறவள் இல்லை. அவரும் அப்படித் தப்பவைக்கப்பட விரும்புகிறவர் இல்லை.

மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் இங்கே விட்டிருக்கிறேன்.

8.

ஆகவே, அந்த இடத்துக்கே திரும்புவோம், வாருங்கள். கால் நனையும். பரவாயில்லை.

கடல் திரும்பி வரத் தொடங்கிவிட்டது. கட்டைகளுக்கு இடையில் தண்ணீர் சத்தமில்லாமல் நிறைகிறது. பனி இன்னும் விலகவில்லை. எல்மர் ரம்பத்தை டோர்டிஸ் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான். சொல்லிக்காட்ட அவனிடம் எவ்வளவோ இருக்கிறது. தொப்பியைக் கழற்றி ஈரத்தை உதறுகிறான். பெடர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். கிட்டே நின்று போட்ட கோடு அவருக்கு எப்படித் தெரிந்ததோ. இப்போது இரண்டடி பின்வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். பிறகு மனைவி பக்கம் திரும்புகிறார்.

"என்ன அப்படியே நிக்கிற? கோணலா இருக்கா?"

நான் மேலே, சரிவுப்பாதையின் உச்சியில் இந்தக் காகிதத்தோடு நிற்கிறேன். இங்கிருந்து அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிகிறது. இறங்கி வர முழங்கால் விடவில்லை. நீங்கள் அவள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். அவள் சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லிவிடுங்கள், செல்லங்களா. தண்ணீர் முழங்காலுக்கு வருவதற்குள் சொல்லுங்கள். எது சொன்னாலும் சரி, கோட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.